டிஸ்க்கில் பாதி, டேட்டாவில் மீதி

வணக்கம், நேயர்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் கேம் கன்சோல் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். வீடியோ கேம்களை முழுதாகச் செய்து முடிப்பதற்குள் விற்க ஆரம்பித்துவிடுகிறார்களா என்று பேச அழைத்தார்கள். ஆமாம், விற்கிறார்கள். முதலில் என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு என் அக்கா மகனுக்குக் கேம் டிஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆயிரம் ராண்டுக்கு மேல் விலை. பலகாரத் தட்டைக்கூடத் தொடாமல் பையன் டிஸ்க்கைப் போட்டான். 40 ஜிபிக்கு மேல் அப்டேட் இறக்க வேண்டும் என்று திரையில் வந்தது. அக்கா வீட்டில் ஃபைபர் இல்லை, போனில் போடும் டேட்டாதான். அது லோட் ஷெடிங் காலம் வேறு, பாதி இறங்கும்போது கரண்ட் போய்விடும். மூன்றாம் நாள் இரவுதான் கேம் திறந்தது. அப்புறமும், ஒரு பாலத்துக்கு வந்தாலே அப்படியே உறைந்து நின்றது. “மாமா, நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா?” என்று கேட்டான். எனக்கு மனசே ஆறவில்லை. குழந்தை தன் மேல் பழி போட்டுக்கொள்கிறான்!

கேமைச் சிப்பில் ஏற்றி கார்ட்ரிட்ஜாக விற்ற காலத்தில் எல்லாம் ஒழுங்காக வந்தது என்று சொல்ல மாட்டேன். 1982-ல் அடாரி நிறுவனம் விற்ற ‘ஈ.டி.’ கேமைச் சுமார் 5 வாரத்தில் செய்தார்கள். விற்காதவற்றை மற்ற சரக்குகளோடு அடுத்த ஆண்டு நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். சிப்பில் ஏறியதை மாற்ற முடியாது, அதனால் அவசரப்பட்டால் நிறுவனத்துக்கே நஷ்டம் என்ற பயம் அப்போது இருந்தது. இன்டர்நெட் வந்தபின் அந்தப் பயம் குறைந்துவிட்டது. பிறகு ‘பேட்ச்’ என்னும் திருத்தத்தை இன்டர்நெட்டிலேயே அனுப்பிக்கொள்ளலாமே.

கேம் தயார், டிஸ்க் அச்சடிக்கலாம் என்னும் நிலையை அந்தத் தொழிலில் ‘கோல்டு’ என்பார்கள். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 அக்டோபரில் ‘சைபர்பங்க் 2077’ கோல்டு ஆகிவிட்டது என்று அறிவித்தது. அதே மாதக் கடைசியில் இன்னும் வேலை இருக்கிறது என்று தேதியைத் தள்ளிப்போட்டது. டிசம்பர் 10-ல் கேம் வந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் போன்ற பழைய கன்சோல்களில் அது பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. என்னிடம் பழுதுக்கு வருவதும் பெரும்பாலும் அந்தப் பழைய கன்சோல்கள்தான். ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனை விற்கும் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் கேம் அங்கே மறுபடி விற்பனைக்கு வந்தது.

பிறகு அதை நன்றாகவே திருத்தினார்கள், மறுக்கவில்லை. 2016-ல் ஏமாற்றம் தந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’யையும் இலவச அப்டேட்டுகளால் தேற்றி எடுத்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆசையாக முதல் நாளே முழு விலை கொடுத்தவனுக்கு மோசமான கேம். இரண்டு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கியவனுக்கு நல்ல கேம். எந்தக் கடையில் இப்படி நடக்கும்?

இரவு பகலாக உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் வந்தாக வேண்டும் என்று தேதி வைப்பவர்கள்தான் காரணம். செய்து முடிக்காததை முடிக்காதது என்று சொல்லி விற்றால் எனக்கு வருத்தமே இல்லை. ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமின் முதல் பாகத்தை மட்டும் 2020-ல் அப்படித்தான் விற்றார்கள், 2023 ஆகஸ்டில் முழுதாகத் தந்தார்கள். வாங்கியவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். எங்கள் பையனின் டிஸ்க் உறையில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘பொருள்’ என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் விளையாட்டையும் மென்பொருளையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. பொருளில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்து தரவா, மாற்றித் தரவா, பணமா என்று தீர்மானிப்பது வாங்கியவர்.

நாங்கள் டிஸ்க்கைக் கொண்டுபோனபோது, உறை பிரித்ததை வாங்க மாட்டோம் என்றார் கடைக்காரர். சட்டத்தின் 56-ஆம் பிரிவைப் போனில் காட்டினேன். படித்துவிட்டு, ரசீது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அக்கா அதைச் சாமி விளக்குத் தட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்.