கம்பனி தந்த தண்ணி மெஷின் நிண்டு போனா யாரிட்ட கேட்கிறது?

அடுத்த கேள்வி, வாகரைப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பினது. "எங்கட ஊருக்கு ஒரு பெரிய கம்பனி, உப்பை வடிச்சுக் குடிதண்ணி தாற ஆர்.ஓ. மெஷின் போட்டுத் தந்தது. ஒண்டரை வருஷத்துல நிண்டு போச்சு. திறப்புவிழாக் கல் மட்டும்தான் மிச்சம். கம்பனிக்குச் சமூகப் பொறுப்பு எண்டு சட்டம் இல்லையா?"

சட்டத்தை முதல்ல சொல்லிர்றன். இந்தியாவுல 2013 கம்பனிச் சட்டப்படி, குறிச்ச அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் மூணு வருஷச் சராசரி லாபத்துல 2 வீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கணும். இந்திய வீடியோக்களைப் பார்த்துட்டு இஞ்சயும் அப்படித்தான் எண்டு நிறையப் பேர் நினைக்கிறாங்க. இலங்கையில அந்தக் கட்டாயம் இல்ல. 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி வருஷாந்த அறிக்கையில நன்கொடைத் தொகையைக் காட்டணும், அவ்வளவுதான். அதனால எழுத்துல ஒப்பந்தம் இல்லாட்டி, "திருத்தித் தாங்க" எண்டு கேட்க உங்களுக்குப் பிடி இல்ல.

சரி, மெஷின் ஏன் நிண்டது? கரையோர மணல் கிணத்துல கோடையில உப்பேறும். மறுகா கல்சியம் உள்ள தண்ணியும் சேர்ந்தா மெம்பிரேன்ல, அதாவது உப்பை வடிக்கிற மெல்லிய சவ்வுல, சுண்ணாம்பு படியும். அதைத் தடுக்கிற மருந்து ஒரு சின்னப் பம்பால சொட்டுச் சொட்டா உள்ள போகணும். அந்த மருந்துக் கலன் வெறுமையாகிக் கிடக்கிறதை ஒருத்தரும் பார்க்கிறதில்ல. முன்னுக்கு இருக்கிற 5 மைக்ரோன் காட்ரிஜ் (தூசி, மண்ணைப் பிடிக்கிற வடி) அடைபட்டா பம்புக்குத் தண்ணி போதாம பம்ப் சூடாகும். கிணத்துக்குக் குளோரின் போட்டு, குளோரினைப் பிடிக்கிற காபன் பில்டரும் பழசாகியிருந்தா, குளோரின் நேரா மெம்பிரேனை அரிச்சிரும். இதுல எது எண்டு ஊகிக்க, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டீ.டி.எஸ். மீற்றர் ஒண்டு உதவும். உள்ள போற தண்ணியையும் வெளிய வாறதையும் கிழமைக்கொருக்கா அளந்து கொப்பியில எழுதுங்க. உள்ள போற எண் மாறாம வெளிய வாற எண் மட்டும் ஏறிக்கொண்டே போனா மெம்பிரேன் முடியப் போகுது. குடிதண்ணிக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614 இல அந்த எண்ணுக்கு மேல் எல்லை லீட்டருக்கு 500 மில்லிகிராம். எண் மாறாம தண்ணியின்ட அளவு மட்டும் குறைஞ்சா, முதல்ல காட்ரிஜைப் பாருங்க, மறுகா சுண்ணாம்பு.

இன்னொண்டு, கழிவுத் தண்ணி. எடுக்கிறதுல பாதிக்குக் கிட்ட உப்புக் கூடின கழிவாத்தான் வெளிய வரும். அந்தக் குழாயைக் கிணத்தடியிலயே விட்டா, அதே உப்பைத் திருப்பித் திருப்பிக் குடிக்கிறீங்க.

காசுக்கு ஒரு கணக்கு: 60 குடும்பம், குடும்பத்துக்கு நாளுக்கு 20 லீட்டர் எண்டா 1,200 லீட்டர். லீட்டருக்கு 1 ரூபா ஒதுக்கினா மாசம் 36,000. கரண்ட் பில், காட்ரிஜ், மெம்பிரேன் எல்லாம் அந்தக் காசுக்குள்ள நிக்குதா எண்டு ரிப்பன் வெட்ட முதல் பார்க்கணும். பத்தாட்டி மிச்சத்தை மூணு வருஷத்துக்கு யார் தாறது எண்டு கிராம அபிவிருத்திச் சங்கமும் கம்பனியும் கையெழுத்துப் போடணும். போட மாட்டம் எண்டா மெஷினை வேண்டாம் எண்டு சொல்றதுதான் நல்லம். எங்கட ஆக்கள் வெட்கத்துல சொல்ல மாட்டாங்க.

ஆனா என்னைக் கேட்டா, மெஷின் சின்ன விஷயம். கம்பனியின்ட பொறுப்பு அதுட சொந்தத் தொழில்லதான் தொடங்குது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்துல 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கம்பனி தன்ர கையால கட்டுதா? சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கா, கழிவு வாவிக்குள்ள போகுதா? 2018 இல புல்லுமலைத் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிரா மட்டக்களப்புல கடையடைச்சதும் நிலத்தடி நீரைப் பத்தின கேள்வியிலதானே.

உரிமம், கழிவு பத்திக் கம்பனியிட்ட கேட்டா பதில் வராது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையிட்ட, சின்னத் தொழில் எண்டா பிரதேச சபையிட்ட, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேளுங்க. ஏன் கேட்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. "கம்பனியைப் பத்தி எல்லாத் தகவலும்" எண்டு எழுதினா இழுத்தடிப்பாங்க. "உரிமத்தின்ட பிரதி, கடைசிக் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கையின்ட பிரதி" எண்டு ஆவணத்தின்ட பேரைச் சொல்லிக் கேளுங்க. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். மறுத்தா, அதே நிறுவனத்தின்ட குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு. முடிவுக்கான அந்த 14 வேலை நாளை எண்ணத் தொடங்கிறதே நீங்க விண்ணப்பம் குடுத்த திகதியில இருந்துதான். அதனால விண்ணப்பம் கிடைச்சதுக்குத் திகதி போட்ட துண்டை வாங்காம கந்தோர் வாசலைத் தாண்டிராதீங்க.