பூங்காவுக்கு அடியில் ஒரு ரயில் நிலையம்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் மண்ணுக்கு அடியில் மெட்ரோ ரயில் முதலில் ஓடியது 2017 மே 14 அன்று, திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே. அந்த வழியில் உள்ள ஷெனாய் நகர் நிலையம் திரு.வி.க. பூங்காவுக்குக் கீழே இருக்கிறது. வேலைக்காக 2011-ல் மூடிய பூங்கா, மறுபடி மக்களுக்குத் திறந்தது 2023-ல்தான். ரயில் வந்து ஆறு வருடம் கழித்துத்தான் பூங்கா வந்தது. இப்போது இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்கா, மந்தைவெளி, அடையாறு என்று வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்களில் தோண்டுகிறார்கள். பக்கத்துத் தெருவில் நிலையம் வந்தால் என்ன நடக்கும், எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

சுரங்கம் துளைக்கும் எந்திரம் குழாய் வடிவப் பாதையை மட்டும்தான் போடும். நிலையத்தைப் பெரும்பாலும் மேலிருந்துதான் தோண்ட வேண்டும். ஏறக்குறைய 200 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 15 மீட்டருக்கு மேல் ஆழம் உள்ள கான்கிரீட் பெட்டி அது. குடியிருப்புத் தெருவில் அவ்வளவு அகலம் ஏது? வீடுகளை இடிக்க வேண்டும், இல்லையென்றால் பூங்காவையோ மைதானத்தையோ எடுக்க வேண்டும். அதனால்தான் பூங்காக்கள் மாட்டிக்கொள்கின்றன.

முதலில் பெட்டியின் நான்கு பக்கமும் டயஃப்ரம் சுவர், அதாவது உள்ளே மண்ணை அள்ளுமுன்பே நிலத்துக்குள் கட்டும் கான்கிரீட் சுவர். ஐந்தாறு மீட்டர் நீளத் துண்டு துண்டாகத் தோண்டுவார்கள். குழி சரியாமல் இருக்க பெண்டோனைட் களிமண் கரைசலை நிரப்பி, அதன் மட்டம் எப்போதும் நிலத்தடி நீர் மட்டத்தைவிட மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்பிக் கூண்டை இறக்கி, ட்ரெமி என்ற நீளக் குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஏற்றுவார்கள். கான்கிரீட் ஏற ஏற, கரைசல் மேலே வழிந்து வெளியேறும். குழாயின் நுனி குறைந்தது இரண்டு மீட்டராவது கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். அவசரத்தில் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டால், கரைசலும் கான்கிரீட்டும் கலந்து சுவருக்குள் ஒரு சொத்தைப் பகுதி உண்டாகும். அன்றைக்கு அது யார் கண்ணிலும் படாது. மாதக்கணக்கில் கழித்து உள்ளே மண்ணை அள்ளும்போது அந்த இடத்தில் ஒழுகும்.

அந்த ஒழுக்கில் வரும் தண்ணீரின் நிறத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வந்தால் தொல்லை, ஆபத்தில்லை. ரசாயனப் பசையைச் செலுத்தி அடைத்துவிடலாம். கலங்கி, மணலோடு வந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை அடைக்க வேண்டும். வெளியே யாருடைய அஸ்திவாரத்துக்குக் கீழிருந்தோ மண் கிளம்பி வருகிறது என்று அர்த்தம்.

சுவர் முடிந்ததும் பல இடங்களில் கூரை ஸ்லாபைத்தான் முதலில் போடுகிறார்கள். அதில் விட்ட திறப்புகள் வழியாக மண்ணை அள்ளிக்கொண்டே கீழே இறங்கி, டிக்கெட் தளம், கடைசியாக அடித்தளம். தலைகீழ் வேலைதான், ஆனால் குடியிருப்புக்கு இதுவே நல்லது. ஒவ்வொரு ஸ்லாபும் இரண்டு பக்கச் சுவர்களையும் முட்டுக்கொடுத்துத் தாங்குவதால், வெளியே உள்ள மண் நகர்வது குறையும்.

மேலே உள்ள மண்ணின் பாரம்தான் பெட்டிக்குப் பெரிய சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் அதைவிடப் பெரிய கவலை அடியிலிருந்து முட்டும் தண்ணீர். அண்டாத் தண்ணீரில் காலிச் சொம்பை அமுக்கிப் பாருங்கள், அதே கதைதான். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். 16 மீட்டர் ஆழப் பெட்டிக்கு, மழைக்காலத்தில் நீர் தரைமட்டம் வரை வந்துவிட்டது என்று கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 16 டன். மேலே சொன்ன அளவுப் பெட்டிக்கு மொத்தம் 64,000 டன் மேல்நோக்கித் தள்ளும். பெட்டியின் எடை, கூரை மேல் நிரப்பும் மண், சுவருக்கும் வெளிமண்ணுக்கும் உள்ள பிடிமானம் மூன்றும் சேர்ந்து அதை அமுக்கி வைக்கின்றன. ஆகவே கூரை மேல் உள்ள மண் பூங்காவுக்காக மட்டும் போட்டதல்ல. பின்னாளில் குளம் வெட்டுகிறேன், நிலத்தடி வாகன நிறுத்தம் கட்டுகிறேன் என்று யாரும் அதை அள்ள முடியாது.

மரம் விஷயத்தில் என் கருத்து இது: வெட்டிய மரத்துக்குப் பதில் அதே இடத்தில் அதே மரம் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. இரண்டு மூன்று மீட்டர் மண்ணுக்கு அடியில் கான்கிரீட். ஆல், அரசு வைத்தால் வேர் பக்கவாட்டில் ஓடி, நீர் புகாமல் ஒட்டிய படலத்தைத் துளைக்கப் பார்க்கும். ஆணிவேர் இறங்காத மரம் 2016 வர்தா மாதிரி ஒரு புயலில் நிற்குமா? கூரை மேல் புல்லும் செம்பருத்தி, நந்தியாவட்டை போன்ற செடிகளும் போதும். பெரிய மரங்களைப் பெட்டியின் எல்லைக்கு வெளியே நடலாம். அதற்கான இடத்தை வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

இனி வீட்டுக்காரர்களுக்கு. வேலை தொடங்குமுன் வீட்டின் நிலையைப் பதிவு செய்ய ஆள் வருவார்கள். கதவைச் சாத்தாதீர்கள். இருக்கிற விரிசல்களையெல்லாம் அளவோடும் தேதியோடும் படம் எடுக்கச் சொல்லி, கையெழுத்திட்ட நகல் ஒன்றை வாங்கி வையுங்கள். அது இல்லாமல் பிறகு இழப்பீடு கேட்டால், பழைய விரிசல் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் உள்ள விரிசல் பூச்சோடு போய்விடும், வெள்ளையடித்தால் தீர்ந்தது. ஐந்து மில்லிமீட்டரை நெருங்கி, கதவும் ஜன்னலும் இறுக ஆரம்பித்தால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.

வீட்டில் மூடிய கிணறோ கைவிட்ட போர்வெல்லோ இருந்தால் பொறியாளரிடம் அவசியம் சொல்லுங்கள். சுரங்கம் துளைக்கும் எந்திரம் தன் முகப்பில் மண் சரியாமலிருக்க அழுத்தத்தோடு நுரையோ கரைசலோ செலுத்தும். பழைய போர்வெல் வழி கிடைத்தால் அது உங்கள் முற்றத்தில் பொங்கும். கீழே அழுத்தம் குறைந்து மண் இறங்கும். மண் உள்வாங்கினால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரலில் அண்ணா சாலை பார்த்தது. சுரங்கப் பாதைக்கு மேலே சாலை உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கின.

நிலையம் திறந்த பிறகு தெருவில் மிஞ்சுவது படிக்கட்டும், நிலையத்துக்குக் காற்று போய்வரும் கூண்டுகளான காற்றுத் தண்டுகளும். படிக்கட்டின் முதல் படி சாலையைவிட உயரமாக இருப்பது வெள்ளத்துக்காக. சாய்தளத்தை நீட்டச் சொல்லுங்கள், படியைத் தாழ்த்தச் சொல்லாதீர்கள். காற்றுத் தண்டில் ஒன்று உள்ளே இழுக்கும், ஒன்று வெளியே தள்ளும். இழுக்கும் தண்டுக்குப் பக்கத்தில் குப்பையைக் கொளுத்தினால் புகை நேராக நிலையத்துக்குள் போய்ச் சேரும், தீ எச்சரிக்கை மணி அடிக்கும், பயணிகளை வெளியேற்ற வேண்டி வரும். அந்தத் தண்டின் கம்பி வலைக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டியே வேண்டாம்.

வணக்கம்.