‘ஓட்டிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருக்கிறது’

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மின்சாதனம் அடியோடு நின்றுபோனால் புகார் கொடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஓடவில்லை என்றால் ஓடவில்லை, அதை யாரும் மறுக்க முடியாது. படுத்துவது அரைகுறைப் பழுதுதான். ஹீட்டரைப் போட்டால் சில நாள் மட்டும் மெயின் ‘டிரிப்’ ஆகும். வாஷிங் மெஷின் முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு கருகிய வாடை வரும். சர்வீஸ் ஆள் வந்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பல வருடம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன் என்பதால் அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சூடேறினால் மட்டும் வெளிப்படும் பழுது, குளிர்ந்த மெஷினில் தெரியாது. ஹீட்டரின் உலோகக் குழாய்க்குள் கம்பிச்சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. குழாயின் முனை அடைப்பு சரியில்லை என்றால், சாதனம் சும்மா கிடக்கும் நாட்களில் ஈரம் உள்ளே போகும். போட்டவுடன் மின்கசிவு ஏற்படும். வீடுகளில் உயிர்காப்புக்கென்று வைக்கும் கசிவுத் தடுப்பான் பொதுவாகக் கசிவு 30 மில்லியாம்பியரைத் தொடுவதற்குள்ளேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை போட்டதில் தூள் காய்ந்துவிட்டால், ஆள் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். நீங்கள் சொல்வதும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை.

அதனால் இந்த மாதிரிப் புகாரில் வேலையே, வந்து வந்து மறையும் ஒன்றை நிற்க வைப்பதுதான். குரலை உயர்த்திப் பலனில்லை. எப்போது நடந்தது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, அப்போது வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். கைபேசியில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள தகட்டையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள், பின்னால் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் ஒன்று. புகை, தீப்பொறி, ஷாக், உப்பிய பேட்டரி, இவற்றில் எதையாவது பார்த்துவிட்டால் ஆதாரத்துக்காக இன்னொரு முறை ஓட்டிப் பார்க்காதீர்கள். ஆதாரம் போதும்.

அடுத்தது, குற்றம் சாதனத்திலா, வீட்டு வயரிங்கிலா என்ற கேள்வி. கம்பெனிக்காரர் எடுத்த எடுப்பில் வயரிங்கைத்தான் சொல்வார், பல சமயம் அது சரியாகவும் இருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு பின் மட்டும் நிறம் மங்கி, அதன் அடியில் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக இளகியிருந்தால், தொடுப்பு அங்கே தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை இருக்கிறது, 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்திலேயே உண்டாகும். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் செருகி வைத்த கணக்கு. இதற்குப் பிளக்கும் காரணமாக இருக்கலாம், சாக்கெட்டும் காரணமாக இருக்கலாம். அதே சாக்கெட்டில் முன்பு ஓடிய வேறு பெரிய சாதனத்தின் பின்னும் கருத்திருந்தால், முதலில் கூப்பிட வேண்டியது எலெக்ட்ரீஷியனை.

ஷாக் விஷயத்திலும் இப்படித்தான். எர்த் பின் இல்லாத சார்ஜரில் லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருசுரு என்று இருப்பது பெரும்பாலும் குறையல்ல. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு அது. எர்த் பின் உள்ள, உலோக உடம்புச் சாதனம் அடித்தால் கதை வேறு. சாதனத்துக்குள் கசிவு இருக்க வேண்டும், இல்லையென்றால் எர்த் அறுந்திருக்க வேண்டும், பல சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். இங்கே டெஸ்டர் ஸ்குரூடிரைவரின் விளக்கு எரிந்தது என்பதைப் பெரிய சாட்சியாக நினைக்காதீர்கள். அது மிகச் சிறிய கசிவுக்கும் எரியும். வெளி எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து மெகர் என்ற கருவியால் காப்புத் தடையையும் (மின்சாரம் உடம்புக்குக் கசியாமல் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பது), கூடவே எர்த் தொடர்ச்சியையும் (எர்த் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்பது) அளந்து, அளவையும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளுக்கு இருக்கும் மதிப்பு பத்துப் பக்கக் கோபக் கடிதத்துக்கு இல்லை.

கடிதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மக்கள் எழுதும் புகாரில் பொதுவாக முதல் வரியே தீர்ப்பாக இருக்கும்: ‘உங்கள் மோட்டார் தரமற்றது.’ மோட்டார்தான் காரணமா என்பது நமக்குத் தெரியாது. பெல்ட் உரசியிருக்கலாம். மோட்டாரில் குறையில்லை என்று அவர்கள் காட்டிவிட்டால் நம் புகாரே விழுந்துவிடும். ‘ஓடத் தொடங்கி நாற்பது நிமிடம் கழித்து, வேகமாகச் சுழலும்போது, பின்பக்கம் ரப்பர் கருகும் வாடை வருகிறது, தேதிகள் இவை’ என்று எழுதினால், அதை யாரும் பொய்யாக்க முடியாது. காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. பழுதுபார்த்துத் தர வேண்டுமா, மாற்றித் தர வேண்டுமா, பணம் திரும்ப வேண்டுமா, எந்தத் தேதிக்குள் என்பதை மட்டும் கடைசியில் தெளிவாகக் கேளுங்கள். விற்றவருக்கே முதலில் எழுதுங்கள், நீங்கள் பணம் கொடுத்தது அவரிடம்தான்.

சர்வீஸ் ஆள் வரும்போது, ‘நாற்பது நிமிடத்துக்குப் பிறகுதான் வருகிறது, அதுவரை ஓட்டிப் பாருங்கள்’ என்று கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால், எத்தனை நிமிடம் ஓட்டிப் பார்த்தார் என்பதையும், நீங்கள் சொன்ன அறிகுறியையும் அவர் எழுதிக் கொடுக்கும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘குறை இல்லை’ என்று மட்டும் எழுதிய தாளுக்கும், ‘ஐந்து நிமிடம் ஓட்டியதில் குறை தெரியவில்லை’ என்று எழுதிய தாளுக்கும் நிறைய வித்தியாசம்.

ஒருவருடைய புகாரை யார் மதிக்கப்போகிறார்கள் என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். ஹாட்பாயின்ட், இன்டெசிட் முதலிய பெயர்களில் விற்ற துணி உலர்த்தும் மெஷின்களில், துணியிலிருந்து உதிரும் பஞ்சு சூடேற்றும் பகுதியில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்று வேர்ல்பூல் நிறுவனம் 2015இல் அறிவித்தது. 2004 முதல் விற்றவை, 50 லட்சத்துக்கும் மேல். அதற்குள் சுமார் 750 தீ விபத்துகள் நடந்திருந்தன. அப்போதும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டலாம் என்றுதான் சொன்னார்கள். திருத்தித் தரும்வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள் என்ற அறிவுரை 2017இல்தான் வந்தது. அரசு தலையிட்ட பிறகு, 2019இல், திருத்தாமல் மீதியிருந்த மெஷின்களைத் திரும்பப் பெற்றார்கள். தனித்தனி வீட்டில் நடந்தது தனித்தனியாகவே இருந்திருந்தால் இப்படி ஒரு கணக்கு வந்திருக்காது. ஆகையால் ஆபத்தான பழுது என்றால் கடையோடு நிறுத்தாமல், உங்கள் நாட்டில் பொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்புக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். உங்கள் மாடல் ஏற்கனவே திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி, பலர் கோட்டை விடும் இடம். சாதனத்தை நீங்களாகத் திறக்காதீர்கள், தெரிந்தவரை வைத்துச் சரிசெய்யவும் வேண்டாம். ஸ்குரூ தலையில் கீறல் விழுந்திருந்தாலே ‘யாரோ கை வைத்திருக்கிறார்கள்’ என்பார்கள். கருகிய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு அப்புறம் புகார் எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கே ஐயோ என்றிருக்கும். சோதனைக்கு எடுத்துப் போகிறோம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் வரிசை எண்ணும் பொருளின் நிலையும் எழுதிய ரசீது வாங்கிக்கொண்டு, நாலாபுறமும் படம் எடுத்துக்கொண்டு. கழற்றும் பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லியும் எழுத்தில் கேளுங்கள். தீப்பிடித்து வீடு சேதமானது என்றால், மிச்சம் கிடப்பதைக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் பார்க்கும்வரை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

எல்லாம் கூடிவந்து, புதுசாகவே ஒன்று தருகிறோம் என்று கம்பெனி சொல்லும்போது நீட்டும் தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘இது தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி அதில் இருக்கும். பழுது மட்டும்தான் நேர்ந்தது என்றால் பரவாயில்லை, போட்டுவிடலாம். கையில் தீக்காயமோ, சுவரில் கரியோ இருந்தால், அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வாருங்கள்.

நன்றி, வணக்கம்.