தாடையில் நின்ற முகக்கவசம்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். இரண்டு அணியினருக்கும், எதிரே இருக்கும் உங்களுக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய தம்பி வணக்கம் சொல்லவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். என் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மக்களைப் பெரிதும் பதற வைத்தது அரசுகளின் மழுப்பலா, ஊடகங்களின் பரபரப்பா? நான் மழுப்பல் அணி. அதாவது மழுப்பலைக் கண்டித்துப் பேசும் அணி. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், "அவரே ஒப்புக்கொண்டார் பாருங்கள்" என்று தம்பி அடுத்த சுற்றில் ஆரம்பித்துவிடுவார்.

ஊடகத்துக்கு நான் வக்கீல் இல்லை. செத்தவர்களின் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடவிட்டவர்களுக்கு நான் ஏன் வாதாட வேண்டும்? எங்கள் சித்தப்பா காலையில் எழுந்ததும் டி.வி.யைப் போடுவார். பத்து நிமிடத்தில் தொண்டை வலிக்கிறது என்பார். இன்னும் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது என்பார். சித்தி வந்து டி.வி.யை அணைப்பார். சித்தப்பா குணமாகிவிடுவார். அவ்வளவு சக்தி வாய்ந்த சிகிச்சையை எந்த மருத்துவமனையிலும் நான் பார்த்ததில்லை. ஆக, ஊடகம் சுத்தம் என்று சொல்ல நான் வரவில்லை. யார் அதிகம் என்பதுதான் கேள்வி.

வாதத்துக்குப் போகலாம் என்றுதான் வந்தேன். ஆனால் தம்பி போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன சொன்னார்? "இந்த அணியில் இருப்பவர்கள் எல்லோரும் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள். மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு அரசு என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது?"

தம்பி, எங்களுக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். அரசு எங்கே நிற்கிறது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கவசம் எப்படித் தாடைக்கு வந்தது என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். 2020 பிப்ரவரி 29. அமெரிக்க அரசின் சர்ஜன் ஜெனரல், அந்த நாட்டுக்கே ஆரோக்கியம் சொல்ல வேண்டியவர், ட்விட்டரில் எழுதுகிறார். முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்குத் தொற்று வராமல் அது தடுக்காது என்கிறார். சரி, அதோடு விட்டாரா? அதே பதிவில், மருத்துவப் பணியாளர்களுக்குக் கவசம் கிடைக்காமல் போனால் எல்லோருக்கும் ஆபத்து என்கிறார். அதாவது எனக்குப் போட்டால் வேலை செய்யாது, டாக்டருக்குப் போட்டால் வேலை செய்யும். கிருமி வாசலில் நின்று, "நீங்கள் எம்.பி.பி.எஸ்.தானே? அப்படியானால் நான் வரவில்லை" என்று திரும்பிப் போகும்!

கவசம் அப்போது பைக்குள் இருந்தது.

மார்ச் 28. உலக சுகாதார நிறுவனம், இது உண்மைத் தகவல் என்று தலைப்புப் போட்டு, இந்த நோய் காற்றில் பரவாது என்று வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் அரசு இல்லையே என்று எதிரணித் தலைவி அம்மா அங்கே குறிப்பு எழுதுவது தெரிகிறது. அரசுகள் எல்லாம் கூடி நடத்துகிற நிறுவனம்தான் அம்மா அது. எழுதியதை அடித்துவிடுங்கள்.

ஏப்ரல் 3. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம், வெளியே போகும்போது துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள் என்றது. சரி, ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்று மக்கள் பையிலிருந்து கவசத்தை எடுத்தார்கள். அதை அறிவித்தவர் அதிபர் டிரம்ப். அறிவித்த அதே பேட்டியிலேயே, தான் போடப்போவதாகத் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டார்! எடுத்த கவசத்தை என்ன செய்வது? உள்ளே வைக்கவும் முடியவில்லை, மேலே ஏற்றவும் முடியவில்லை. கழுத்தில் நின்றது.

ஜூன் 5. உலக சுகாதார நிறுவனம், தொற்று பரவும் இடங்களில் பொதுமக்களும் அணிய அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்றது. கவசம் கழுத்திலிருந்து கிளம்பித் தாடைக்கு வந்தது. தம்பி, அது அலட்சியத்தால் தாடையில் நிற்கவில்லை. ஏறுவதா இறங்குவதா என்று அடுத்த உத்தரவுக்காக நின்றது!

சிரித்தது போதும். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. புதுக் கிருமி, புது நோய். அறிவியல் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொள்ளும். நேற்று சொன்னதை இன்று மாற்றினார்கள் என்று நான் குறை சொல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு நிஜமான சிக்கல் என்ன? மருத்துவமனைகளுக்கே கவசம் போதவில்லை. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். "எங்களிடம் கையிருப்பு இல்லை. இருப்பதை நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் விட்டுக்கொடுங்கள். நீங்கள் கொஞ்ச நாள் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் மறுத்திருப்போம்? வீட்டில் பழைய துணி இல்லாதவர் யார்? "எங்களிடம் இல்லை" என்பதை "உங்களுக்குத் தேவையில்லை" என்று மாற்றிச் சொன்னார்கள் பாருங்கள், அங்கே போன நம்பிக்கைதான். அதற்குப் பிறகு அவர்கள் சத்தியமே செய்தாலும் ஜனங்கள் நம்பத் தயாராக இல்லை.

அடுத்து எதிரணித் தலைவி அம்மா. அவர் ஆஸ்திரேலியாவைத் தொட்டார். 2020 மார்ச்சில் அங்கே கழிப்பறைக் காகிதத்துக்குக் கடைகளில் சண்டை நடந்தது, அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டு ஊடகங்கள் உலகத்தையே பதற வைத்தன என்றார். சொன்னவர் முழுக் கதையையும் சொல்லவில்லை. நல்ல கதையைப் பாதியில் விடுவது பாவம். மீதியை நான் சொல்கிறேன்.

அந்த நாட்டின் வடக்கே டார்வின் என்று ஒரு நகரம். அங்கே என்.டி. நியூஸ் என்று ஒரு பத்திரிகை. மார்ச் 5ஆம் தேதி அந்தப் பத்திரிகை எட்டுப் பக்க இணைப்பு ஒன்றோடு வந்தது. என்ன இணைப்பு? ஜோசியமா? சினிமாவா? இல்லை. எட்டுப் பக்கத்திலும் செய்தி என்று ஒரு வரி கிடையாது. வெறும் காகிதம். வெட்டி எடுக்க வசதியாகக் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். அவசரத்துக்கு வாசகர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வேறு!

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். இன்னொரு தரம் சொல்கிறேன். பத்திரிகை. எட்டுப் பக்கம். அவசரத்துக்கு!

நடுவர் ஐயா சிரிக்கிறார். ஐயா சிரித்தால் மதிப்பெண் உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். யோசித்துப் பாருங்கள். அந்த எட்டுப் பக்கத்துக்குப் பிழை திருத்துபவர் தேவையில்லை. அவதூறு வழக்கு வராது. மறுநாள் "வருந்துகிறோம்" என்று மூலையில் பெட்டிச் செய்தி போட வேண்டியதில்லை. எந்தக் கட்சிக்காரரும் போன் செய்து, "எங்களைப் பற்றி ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேட்க முடியாது. ஒரு பத்திரிகை வாசகருக்கு நூற்றுக்கு நூறு பயன்பட்ட நாள் என்றால் அதுதான். அந்த இணைப்புக்கு வாசகர் கடிதம் வந்ததா என்று தெரியவில்லை. வந்திருந்தாலும், "பக்கங்களை எங்கள் பார்வைக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று எந்த ஆசிரியரும் கேட்டிருக்க மாட்டார்!

அம்மா முறைக்கிறார். இது பரபரப்புதானே என்கிறார். இல்லை அம்மா, இது கிண்டல். பதற்றத்தில் இருந்த ஊரை ஒரு நாள் சிரிக்க வைத்தார்கள். ஊடகத்தின் தரப்பில் இதை நான் சாட்சியாகவே சேர்க்கிறேன்.

ஆனால் அந்த ஊர் ஏன் பதறியது? இதைத்தான் அம்மா கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் விற்கிற கழிப்பறைக் காகிதத்தில் பெரும்பகுதி அங்கேயே தயாராகிறது. தட்டுப்பாடு வராது என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். கடைகளில் ஆளுக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு வைத்துப் பார்த்தார்கள். மார்ச் 18ஆம் தேதி அவர்களுடைய பிரதமரே வந்து, பதுக்குவதை நிறுத்துங்கள் என்று கோபப்பட்டார். ஜனங்கள் கேட்டார்களா? கேட்கவில்லை. ஏன்? "பதற வேண்டாம்" என்று அரசு சொல்லும் அந்த நிமிடம் எந்த வீட்டிலும் அம்மா முதலில் எழுந்து போய் டப்பாவைத் திறந்து பார்ப்பார். எத்தனையோ முறை அந்த வார்த்தையை நம்பி ஏமாந்த அனுபவம் அது. உண்மையைச் சொன்னபோதும் எடுபடாத அளவுக்கு அந்த வாய் மதிப்பை இழந்து போயிருந்தது.

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1918 ஃப்ளூவுக்கு ஸ்பானிஷ் ஃப்ளூ என்று பெயர். ஸ்பெயினில் பிறந்ததால் வந்த பெயர் இல்லை அது. முதல் உலகப்போரில் சண்டை போட்ட நாடுகள் செய்தியைத் தணிக்கை செய்து மறைத்தன. போரில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் மட்டும் எழுதின. அவர்கள் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவுக்கே காய்ச்சல் வந்ததையும் எழுதின. உலகம் என்ன செய்தது? மறைத்தவர்களை விட்டுவிட்டு, எழுதிய நாட்டின் பெயரை நோய்க்கு வைத்தது! ஊடகத்தின் மீது பழி போடும் பழக்கம் நூறு வருடமாக இருக்கிறது, எதிரணிக்கு மட்டும் சொந்தமில்லை.

அதே 1918 செப்டம்பர் 28. அமெரிக்காவின் பிலடெல்பியா. ஊருக்குள் காய்ச்சல் நுழைந்துவிட்டது. ஆனாலும் போர்க்கடன் பத்திரம் விற்க ஓர் ஊர்வலம் நடத்த வேண்டும். டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். நகரத்தின் சுகாதார அதிகாரி நிறுத்தவில்லை. ஏறக்குறைய 2 லட்சம் பேர் தெருவில் கூடினார்கள். மூன்றே நாளில் மருத்துவமனைகளில் கட்டில் இல்லை. ஆறு வாரத்தில் 12,000 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பத்திரிகைகளும்தானே டாக்டர்களின் எச்சரிக்கையைப் போடாமல் விட்டன என்று தம்பி எழுந்திருக்கப் பார்க்கிறார். உட்காருங்கள் தம்பி. அந்த வருடம் மே மாதம்தான் அந்த நாட்டில் புதிதாகச் சட்டம் போட்டிருந்தார்கள். போர்க்காலத்தில் அரசுக்கு விரோதமாக எழுதினால் இருபது வருடம் வரை சிறை. இருபது வருடம் என்றால் எனக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

ஐயா மணியைத் தொடுகிறார். ஒன்றே ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

சீனாவின் வூஹான் நகரத்தில் லீ வென்லியாங் என்று ஒரு கண் மருத்துவர். 2019 டிசம்பர் 30ஆம் தேதி, தன்னோடு படித்த டாக்டர்கள் இருக்கும் குழுவில், சார்ஸ் என்னும் நுரையீரல் தொற்று வந்திருக்கிறது, குடும்பத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். டி.வி.க்குப் பேட்டி கொடுக்கவில்லை. நண்பர்களுக்குச் சொன்னார், நாம் எல்லோரும் சொல்கிற மாதிரி. ஜனவரி 3ஆம் தேதி காவல் நிலையத்துக்கு அழைத்து ஒரு தாளை நீட்டினார்கள். உண்மையில்லாததைச் சொல்லிச் சமூக ஒழுங்கைக் குலைத்தாய் என்று அதில் இருந்தது. இனி இப்படிச் செய்யாமல் இருக்க உன்னால் முடியுமா என்று ஒரு கேள்வி. முடியும் என்று எழுதினார். புரிந்ததா என்று இன்னொரு கேள்வி. புரிந்தது என்று எழுதினார். கைநாட்டு வைத்தார். திரும்பிப் போய் நோயாளிகளைப் பார்த்தார். பார்த்த இடத்தில் அவருக்கே தொற்றியது. பிப்ரவரி 7ஆம் தேதி இறந்துபோனார். அப்போது அவர் மனைவி கர்ப்பிணி.

அன்றைய இரவு அந்த நாட்டு ஜனங்கள் தூங்கவில்லை. எதற்கும் தெருவுக்கு வர முடியாத ஜனங்கள். ஊரடங்கு வேறு. முகக்கவசத்தின் மேலேயே எழுதிப் படம் எடுத்துப் போட்டார்கள். என்ன எழுதினார்கள் தெரியுமா? "முடியாது. புரியவில்லை." அந்தத் தாளில் அவர் எழுதியதற்கு அவருக்காக ஜனங்கள் எழுதிய திருத்தம் அது.

அவருடைய கடைசிப் பதிவு, தனக்குத் தொற்று உறுதியானதைச் சொன்ன பதிவு. அதன் கீழே மக்கள் எழுத ஆரம்பித்தார்கள். பத்து லட்சத்தைத் தாண்டியது. வருடங்கள் போன பிறகும் எழுதினார்கள். காலை வணக்கம் டாக்டர் என்று எழுதினார்கள். இன்றைக்குப் பரீட்சை, எனக்கு வேலை போய்விட்டது, எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று எழுதினார்கள். செத்துப்போன மனிதரிடம் போய்ச் சொல்கிறார்கள் ஐயா. உயிரோடு இருந்த அதிகாரிகள் ஒருவரிடமும் சொல்லத் தோன்றவில்லை. நமக்கு உண்மையைச் சொல்லப் பார்த்த ஒரே ஆள் இவர்தான் என்று அந்த ஜனங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

மார்ச் 19ஆம் தேதி அந்தக் கண்டனத்தைத் திரும்பப் பெற்று, குடும்பத்திடம் காவல் துறை மன்னிப்புக் கேட்டது. ஜூன் மாதம் மகன் பிறந்தான். அம்மா, என் வாதத்துக்கு உங்களிடம் பதில் இருக்கும். தேதி தப்பு, ஒப்பீடு தப்பு, ஒரு நாட்டை வைத்து உலகத்தைச் சொல்லக்கூடாது என்பீர்கள். சொல்லுங்கள். நீங்கள் எழுந்து பேசும்போது ஒன்றுக்கு மட்டும் விடை கொடுங்கள். அந்தத் தாளை நீட்டியது எந்த டி.வி.? எந்தப் பத்திரிகை?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. நன்றி, வணக்கம்.