சந்தேகங்களுக்கு விளக்கம்: ஆக்சிமீட்டர்ல 98னா தோல்லயும் 98தானா?

வணக்கம். போன தடவை பல்ஸ் ஆக்சிமீட்டர் பத்தி பேசுனோம்ல, அதைப் பாத்துட்டு ஒரு நேயர் கேட்டிருக்காங்க, "சார், எனக்கு எந்த நோயும் இல்ல, விரல்ல மாட்டினா 98 காட்டுது, அப்ப என் தோல்ல இருக்கற ஆக்சிஜனும் 98தானா?"ன்னு. ரெண்டு நாளா இதேதான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, அவ்வளவு நல்ல கேள்வி.

இல்லைங்க. அந்த 98 தோலோட கணக்கே இல்ல. சிவப்பு வெளிச்சம் ஒண்ணு, இன்ஃப்ராரெட் ஒண்ணு, ரெண்டையும் விரல் வழியா அனுப்பி, துடிப்புக்குத் துடிப்பு மாறுற பங்கை மட்டும் பிரிச்செடுத்து, தமனி ரத்தத்துல எத்தனை சதவீதம் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லுது. 1974ல ஜப்பான்ல டகுவோ அவோயாகி கொடுத்த யோசனை. நம்ம பஸ் உதாரணம்தான் திரும்பவும், ஹீமோகுளோபின்தான் பஸ், ஆக்சிஜன்தான் பயணிங்க: பஸ்ல எத்தனை சீட் நிரம்பியிருக்குன்னு அது சொல்லும், ஸ்டாப்ல எத்தனை பேர் இறங்கினாங்கன்னு சொல்லாது.

இறங்கினதைப் பாக்க வேற சென்சார் இருக்கு. 1956ல லேலண்ட் கிளார்க்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி விவரிச்ச, ஆக்சிஜனை அளக்கற எலக்ட்ரோடுதான் அடிப்படை, அதை சூடு பண்ணி தோல் மேல ஒட்டுவாங்க, ஊசி கிடையாது. ஒருதடவை என் முன்கையில ஒட்டிப் பாத்தேன். முதல்ல ஒரு வளையம், அதுக்குள்ள ரெண்டு மூணு சொட்டு திரவம், அது மேல சென்சாரைத் திருகி உக்கார வெச்சாங்க. காத்துல 150 பக்கம் காட்டிட்டு இருந்தது, ஒட்டினதும் கடகடன்னு இறங்குச்சு, எனக்கு ஒரு நிமிஷம் பக்குன்னு ஆயிடுச்சு, அப்புறம் 44 டிகிரி சூடு ஏற ஏற மெதுவா மேல வந்து, இருபது நிமிஷம் கழிச்சு 70 பக்கத்துல நின்னுச்சு. இது சதவீதம் இல்ல, அழுத்தம், மில்லிமீட்டர் மெர்க்குரி. கழட்டினா வட்டமா ஒரு சிவப்புத் தடம். பச்சைக் குழந்தைங்களுக்கு அதனாலதான் சில மணி நேரத்துக்கு ஒருதடவை இடம் மாத்தி ஒட்டுறாங்க, தோல் வெந்துடக்கூடாதுல்ல.

ஆனா என்னைக் கேட்டா, நீங்க கேட்டிருக்க வேண்டியது "ஏன் சூடு பண்றாங்க?"ங்கறதுதான். சூடு இல்லாம ஒட்டினா, நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்! அதைப் பாத்து பயந்துடக்கூடாது. சூட்டுல ரத்தக்குழாய் விரியுது, ரத்தம் நிறைய வருது, தோல் செலவு பண்ணினது போக மிச்சம் மேல வரைக்கும் வருது, அதைத்தான் சென்சார் பிடிக்குது. சூடு இல்லேன்னா ரத்தம் கொண்டு வர்ற கொஞ்சத்தையும் தோலே தின்னுடும், மேல மிச்சமே வராது.

அப்ப மேல இருக்கற செல்லுங்களுக்கு எங்கேர்ந்து கிடைக்குது? காத்துலேர்ந்தே எடுத்துக்குதுங்க! 1851லயே கெர்லாக்னு ஒரு ஜெர்மன்காரர் தோல் காத்துலேர்ந்து ஆக்சிஜன் இழுக்குதுன்னு காட்டிட்டாரு. பிற்பாடு அளந்து பாத்தா, மேல 0.25லேர்ந்து 0.4 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் காத்தே சப்ளை பண்ண முடியுது. மேல்தோல்ல ரத்தக்குழாயே கிடையாது பாருங்க. இப்ப அந்த வளையத்தையும் திரவத்தையும் யோசிச்சுப் பாருங்க, அந்த ஒரு வட்டத்துக்கு நாம காத்தை அடைச்சுட்டோம், கீழேர்ந்து வர்றது மட்டும்தான் இப்ப அங்க கணக்கு.