சாரல் ஊரில் ஐப்பசிப் பூக்கள்: செங்காந்தள், மழை லில்லி கிழங்குகளைத் தோண்டி மறுபடி நடும் முறை

(காட்சி: கம்பி வலையில் ஏறிப் பூத்திருக்கும் செங்காந்தள். கீழே வெள்ளை மழை லில்லித் தொட்டிகள்.)

வணக்கம். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிற கிழங்குச் செடிகளைச் சேர்த்து வளர்ப்பவர்களுக்காக இந்த வீடியோ. செங்கோட்டை, புளியரை, பண்பொழி, தென்காசி வட்டாரத்தை மனதில் வைத்துச் சொல்கிறோம். இங்கே ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வருகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. ஆண்டில் இரண்டு மழை என்பது வயலுக்கு நல்லதுதான். ஆனால் செங்காந்தள் போன்ற கிழங்குக்கு மூன்று நான்கு மாதம் காய்ந்த மண்ணில் தூக்கம் வேண்டும். அது கிடைக்காததால்தான் இங்கே பெரும்பாலான கிழங்குகள் அழுகுகின்றன. உரம் போதாமல் செத்தவை குறைவு.

முதலில் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கொங்கு விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மேந்தோன்னி. விதைக்காக மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். கிழங்கு வேண்டுமானால் அப்படிப்பட்ட தோட்டத்திலிருந்து வாங்குங்கள். மலையில் தானாக வளர்வதைத் தோண்டி எடுத்து வராதீர்கள்.

(காட்சி: கையுறை போட்ட கையில் ஒரு கிழங்கு.)

கையுறை போட்டிருப்பதைக் கவனியுங்கள். இந்தச் செடி முழுவதிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டு உயிர் போயிருக்கிறது. அதனால் சமையலறையிலோ வெங்காயக் கூடை பக்கத்திலோ இதை ஒருபோதும் வைக்கக்கூடாது. பெட்டியின் மேல் 'விஷம்' என்று பெரிதாக எழுதுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஒரு துண்டுக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மழை லில்லிக் கிழங்கும் வயிற்றுக்கு ஆகாது. ஆடு, மாடு, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடம் பார்த்து வையுங்கள்.

இப்போது தோண்டுவது. மார்கழிக் கடைசியில் கொடி மஞ்சளாகி, தையில் காய்ந்துவிடும். முழுவதும் காய்ந்த பிறகுதான் மண்ணைத் தொட வேண்டும். போன ஆண்டு நட்ட பழைய கிழங்கு இந்நேரம் சுருங்கிச் சக்கையாகியிருக்கும். அதன் இடத்தில் V வடிவத்தில் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். பூ முடிந்த பிறகு பச்சையாக நிற்கும் இலைகள்தான் அதை ஊட்டி வளர்க்கின்றன. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பச்சைக் கொடியை வெட்டினால், அடுத்த ஆண்டு விரல் பருமனில் கிழங்கு கிடைக்கும், பூ கிடைக்காது.

(காட்சி: தொட்டியைச் சாய்த்து மண்ணை மொத்தமாக வெளியே எடுத்தல். கிழங்கின் நுனி, அருகில்.)

களைக்கொத்தை உள்ளே விடாதீர்கள். தொட்டியைச் சாய்த்து மண்ணை மொத்தமாகக் கொட்டி, கையால் உதிருங்கள். V-யின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை இருக்கிறது. அந்த நுனி ஒடிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பெரும்பாலும் முளைக்காது. 'நல்ல கிழங்குதான், ஏன் வரவில்லை' என்ற கேள்விக்குப் பாதி நேரம் இதுதான் பதில். இரண்டு கையையும் தனித்தனியாகப் பிரிக்கலாம், ஆனால் இரண்டிலும் நுனி முழுதாக இருக்க வேண்டும். ஒடித்த இடம் நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும். நடவுக்கு விவசாயிகள் 50 முதல் 60 கிராம் எடையுள்ளதைத் தேர்ந்தெடுப்பார்கள். அதைவிடச் சிறியதைத் தூக்கிப் போட வேண்டாம். தனித் தொட்டியில் வையுங்கள், ஓரிரு ஆண்டில் தேறிவிடும்.

தண்ணீரில் கழுவாதீர்கள். மண்ணை உதிர்த்து, காய்ந்த ஆற்றுமணல் நிரப்பிய மண்பானையில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மணலில்லாமல் வெறுமனே விட்டால் சித்திரை வெயிலில் சுருங்கிவிடும். மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அமுக்கினால் கொழகொழவென்று இருப்பதை அன்றே அகற்றுங்கள். கோடைமழைச் சாரல் ஜன்னல் வழியாகப் பானைக்குள் அடிக்காத இடமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: மண் கலவை. செம்மண், மணல், தொழுவுரம் தனித்தனிக் குவியலாக.)

கலவை: செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் 1 பங்கு. எம்-சாண்ட் என்றால் கழுவித் தூசியைப் போக்கிய பிறகு சேர்க்க வேண்டும், அந்தத் தூசி தொட்டிக்குள் இறுகிவிடும். தென்னைநார்க் கழிவு நம் பக்கம் மலிவு என்று பாதித் தொட்டிக்குப் போடுகிறார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. சாரல் நாளில் அது தண்ணீரை விடவே விடாது, கிழங்கு ஊறிப்போகும். இந்த வட்டாரத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வோம்.

12 அங்குலத் தொட்டிக்கு ஒரு பெரிய கிழங்கு போதும். 50 கிராம் வேப்பம்பிண்ணாக்கு கலந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ மண்புழு உரத்தில் 10 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நல்ல பூசணம்) கலந்து வைத்தால் நாலைந்து தொட்டிக்கு வரும். ஒரு எச்சரிக்கை: கிழங்கைக் கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லிக் கரைசலில் முக்கிவிட்டு உடனே ட்ரைக்கோடெர்மாவும் போட்டால் காசுதான் வீண். அந்த மருந்து நல்ல பூசணத்தையும் சேர்த்தே கொல்லும். இரண்டில் ஒன்று மட்டும்.

தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தரையில் அப்படியே வைத்தால் அடித்துளை அடைபடும். அடித்தட்டை மழைக்காலம் முழுக்க எடுத்துவிடுங்கள்.

நடும் நேரம் வைகாசிக் கடைசி. முளை விடாத கிழங்கு சாரலில் நனைந்துகொண்டே கிடந்தால் அழுகும். அதனால் வைகாசி நடுவில் கிழங்குகளை எடுத்து, லேசான ஈர மணலில் கூரைக்கு அடியில் வையுங்கள். நுனி உப்பி முளை தெரிந்ததும், கிழங்கைப் படுக்கைவசமாக, முளை தொட்டியின் நடுவைப் பார்க்க, நாலு விரல்கடை ஆழத்தில் நடுங்கள். முளை மண்ணுக்கு மேல் வந்த பிறகு சாரல் அதற்கு நல்லதே செய்யும்.

(காட்சி: இலை நுனி கம்பியைச் சுற்றிப் பிடித்திருப்பது, அருகில்.)

இந்தக் கொடி ஏறுவது இலை நுனியால். அந்த நுனியால் பென்சிலைவிடப் பருமனான எதையும் பிடிக்க முடியாது. மூங்கில் கம்பு நட்டுவிட்டு 'ஏறவில்லை' என்றால் குற்றம் கம்பின்மேல். கோழி வலை, மெல்லிய கட்டுக்கம்பி, காய்ந்த கொய்யா மிலாறு, எதுவானாலும் முளை வருவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். பிறகு கம்பு குத்தினால் கிழங்கையே குத்துவீர்கள்.

மழை லில்லிக்கு வருவோம். தொகுப்பில் ரகத்துக்கு ரகம் குணம் மாறும், எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தினால் சிலது போய்விடும்.

வெள்ளை ரகம் தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் பகுதியிலிருந்து வந்தது. ஈரம் தாங்கும், இலை ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், மழைக்காலக் கடைசியில்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதைத் தோண்டி உலர்த்திச் சேமிக்கக்கூடாது. வைகாசியில் பிரித்து அன்றே நட்டுவிடுங்கள். பெரிய இளஞ்சிவப்பையும் மஞ்சளையும் மாசி, பங்குனியில் தோண்டி, நிழலில் உலர்த்தி, சில வாரம் ஓய்வு கொடுக்கலாம்.

ஆண்டுதோறும் பிரிப்பதும் தவறு. நெருக்கமாக இருக்கும்போதுதான் மழை லில்லி நன்றாகப் பூக்கும். கிழங்குகள் தொட்டி விளிம்பை முட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பூ குறையும்போது பிரித்தால் போதும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். 8 அங்குலத் தொட்டிக்கு 10 கிழங்கு, கழுத்து மண் மட்டத்தில் தெரியும்படி. ஆழமாகப் புதைத்தால் இலை வரும், பூ வரத் தாமதமாகும்.

இலை மட்டும் தளதளவென்று இருக்கிறது, பூவே இல்லை என்பது சாரல் ஊரில் அடிக்கடி கேட்கிற குறை. மண் நன்றாகக் காய்ந்த பின் வரும் நனைதல்தான் மொட்டைத் தூண்டுகிறது. நாள்தோறும் தூறிக்கொண்டிருந்தால் மண் காயவே வழியில்லை. ஆவணியில் இளஞ்சிவப்பு, மஞ்சள் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்தி, மூன்று வாரம் தண்ணீர் நிறுத்துங்கள். பிறகு புரட்டாசி மழையில் வெளியே வைத்தால் ஒரு வாரத்துக்குள் மொட்டு தெரியும்.

(காட்சி: கறுப்பு, வெள்ளைப் புள்ளிப் புழுக்கள் இலையில்.)

கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் புள்ளியும் உள்ள இந்தப் புழு காந்தளையும் தின்னும், லில்லியையும் தின்னும். கூட்டமாக வரும், இரண்டு இரவில் ஒரு கொடியை மொட்டையடிக்கும். மாலையில் இலைக்கு அடியில் பார்த்துக் கையுறையோடு பொறுக்குங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, சின்னப் புழுவுக்குத்தான் பலிக்கும். வளர்ந்ததைப் பொறுக்குவது ஒன்றே வழி.

பெயர்ச்சீட்டை மார்க்கரில் எழுதாதீர்கள், வெயிலில் ஒரே ஆண்டில் மறையும். பென்சில் நிலைக்கும். ஒரு சீட்டை மண்ணுக்குள்ளும் புதையுங்கள். மஞ்சள் மழை லில்லி ஏராளமாக விதை போடும். காய் வெடிப்பதற்கு முன் கிள்ளாவிட்டால் பக்கத்துத் தொட்டிகளிலெல்லாம் முளைத்து, எது எந்த ரகம் என்றே தெரியாமல் ஆகிவிடும்.

செங்காந்தளில் விதை வேண்டுமென்றால், பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து மகரந்தத்தை விட்டு விலகியே நிற்பதால், காலை 8 மணியிலிருந்து 11-க்குள் மகரந்தத்தை எடுத்து அதன் முனையில் நீங்களே தடவ வேண்டும். விதையிலிருந்து பூ வர மூன்று நான்கு ஆண்டாகும். விதை வேண்டாமென்றால் பிஞ்சிலேயே காயைக் கிள்ளிவிடுங்கள், அந்தச் சத்து மண்ணுக்கு அடியில் புதுக் கிழங்குக்குப் போகும்.