சரளை ஏற்றத்தில் பின்சக்கரம் குதித்தால் முதலில் காலை எடுங்கள்

வணக்கம் நண்பர்களே. இப்போது கேட்டதே ஒரு சத்தம், அதை இன்னொரு முறை போடுகிறேன். ஹெட்போனில் கேட்பவர்கள் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். தட் தட் தட் தட்... என் பிக்கப்பின் பின் ஆக்ஸில்தான் இப்படி அடிக்கிறது. கீழே உருளும் சரளை, எதிரே ஏற்றம், பின்னால் சரக்குத் தொட்டி காலி. இந்த மூன்றும் சேர்ந்தால் இரண்டரை டன் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும்.

இதே மாதிரி ஒரு ஏற்றத்தில்தான் எனக்கு, என்ஜின் விசையைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் யூ ஜாயின்ட் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் தொங்கியது. வண்டி மேல் பழி போட மாட்டேன். குதிக்கிறது என்று தெரிந்தும், இன்னும் கொஞ்சம் மிதித்தால் ஏறிவிடும் என்று மிதித்தது என் வலது கால்.

சரி, கேமராவைக் கீழே கொண்டு போகிறேன். முதுகெல்லாம் கல் குத்துகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலின் நடுவே இருக்கும் கியர்க் கூடான டிஃபரன்ஷியலின் மூக்கில், அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் முனையில், வெள்ளை பெயின்டில் ஒரு கோடு தெரிகிறதா? நான் போட்டதுதான். போனை சேசிஸில் கட்டி ஸ்லோமோஷனில் எடுத்திருக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கோடு மேலே போகிறது, போகிறது... இதோ, டயர் வழுக்கியது. கோடு சடாரென்று கீழே விழுந்தது. டயர் திரும்பப் பிடித்தது. மறுபடியும் மேலே. கண் இமைக்கும் நேரத்தில் பல முறை நடக்கிறது.

நடப்பது என்னவென்றால், சக்கரம் முன்னால் சுழலும்போது ஆக்ஸில் கூடு எதிர்ப்பக்கமாகச் சுழலப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டியது, ஆக்ஸிலைச் சேசிஸோடு சேர்க்கும் பட்டை ஸ்பிரிங்தான். ஒரு ஸ்டீல் ஸ்கேலின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, நடுவில் கிளிப் மாட்டித் திருகச் சொல்லுங்கள். ஒரு பாதி மேலே வளையும், மறு பாதி கீழே வளையும். பட்டையும் அப்படித்தான் பாம்பு மாதிரி நெளிந்து விசையைச் சேர்த்து வைக்கிறது. டயர் பிடி விட்டதும் சேர்த்ததை எல்லாம் ஒரே உதறலில் கொட்டிவிடுகிறது. அந்த உதறலில் டயர் தரையை விட்டே எழும்பும். விழுந்து பிடிக்கும்போது வரும் அடியைத்தான் கிராஸும், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பினியன் பல்சக்கரமும் வாங்குகின்றன.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போடுவோம். என்ஜின் 500 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 4 மடங்கு, மெதுவாக இழுப்பதற்கான லோ ரேஞ்ச் 2.5 மடங்கு, ஆக்ஸில் 4 மடங்கு. பெருக்கினால் 20,000. நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் பங்கு போகும், உராய்வில் கொஞ்சம் போகும், அப்படியும் மிச்சம் இருப்பது பட்டையை முறுக்கத் தாராளமாகப் போதும்.

அதனால் முதல் வைத்தியம் இலவசம். முதல் 'தட்' கேட்டதும் காலை எடுங்கள். பிரேக் பிடித்து, இறங்கி, பாதையைப் பாருங்கள். அப்புறம் லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் போட்டு, காலை ஒரே அளவில் வைத்து ஏறுங்கள். விசை குறைந்தால் நெளிவும் குறையும். நிறைய பேர் இதைக் கேட்டுவிட்டு, அதெல்லாம் சரி, என்ன பார்ட் வாங்கலாம் என்று கேட்பார்கள். வருகிறேன்.

அதற்கு முன்னால் காற்று. கனரக பிக்கப்பின் பின் டயரில் முழுப் பாரத்துக்கான காற்று, சில வண்டிகளில் 80 பிஎஸ்ஐ வரை இருக்கும். காலி வண்டியில் அது பந்து. மெதுவாகப் போகும் சரளைப் பாதைக்கு நான் 35 வரை இறக்குகிறேன். டயர் தரையில் படர்ந்து ஒரே சீராகப் பிடிக்கிறது. தார் ரோட்டுக்குத் திரும்பும் முன் கட்டாயம் ஏற்றிவிட வேண்டும், குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும். தொட்டியில் எடை வைப்பதும் உதவும். மணல் மூட்டையை ஆக்ஸிலுக்கு நேர் மேலே வைத்துக் கட்டுங்கள். வாலில் வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

இப்போது பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் இந்த யூ போல்ட்டைப் பாருங்கள். சுற்றிலும் மண், பட்டை உட்காரும் இந்த ஒரு விளிம்பில் மட்டும் பளபளப்பு, ஓரத்தில் துருப்பொடி. இங்கே அசைவு இருக்கிறது என்று அர்த்தம். போல்ட் தளர்ந்தாலும், பட்டையின் முனை வளையத்துக்குள் இருக்கும் புஷ் தேய்ந்தாலும் எந்த வைத்தியமும் நிற்காது. உயரம் வேண்டும் என்று ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்தவர்களுக்கு இன்னொரு விஷயம்: கட்டை உயர உயர, பட்டையை முறுக்கும் நெம்புகோல் நீளமாகிறது. எனக்கு அது பிடிக்காத வேலை, வேறு வழியில் உயர்த்துங்கள்.

ஷாக் அப்சார்பர் மாற்றினால் போதுமா? தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆனால் இரண்டும் ஆக்ஸிலின் ஒரே பக்கம் இருந்தால், சுழற்சியைச் சரியாக அடக்காது. 1968 கமரோ காரில் ஒரு ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் மாற்றி வைத்தது இதற்காகத்தான். 2009இல் ராம் 1500 பிக்கப் பின்னால் பட்டையை விட்டுக் காயில் ஸ்பிரிங்குக்கு வந்தது. அங்கே ஆக்ஸில் சுழலாமல் பிடிப்பது தனி கம்பிகளின் வேலை.

பட்டை வண்டிக்கு அந்த வேலையைச் செய்வது டிராக்‌ஷன் பார். ஒரு முனை ஆக்ஸிலில், மறுமுனை சேசிஸில். சேசிஸ் முனையில் ஆடக்கூடிய இணைப்பான ஷேக்கிள் இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிச் சேசிஸ் வரை போகும் நீண்ட பாரில் ஷேக்கிள் இல்லாமல் இறுக்கி வெல்டு அடித்துக் கொடுத்தால் ஆக்ஸில் மேலும் கீழும் போக இடமில்லாமல் பிராக்கெட் பிய்ந்துவிடும்.

சரி, இப்போது அதே ஏற்றம். 35 பிஎஸ்ஐ, லோ ரேஞ்ச், இரண்டாவது கியர், தொட்டியில் நாலு மூட்டை. போனில் கோட்டைப் பாருங்கள்... மேலே போகிறது... கொஞ்சம் நின்றது... அப்படியே இருக்கிறது. சத்தமில்லை. ஏறியாகிவிட்டது.

கம்ப்ரசரை எடுக்கிறேன், நாலு டயருக்கும் காற்றடிக்க வேண்டும். அது வேறு சத்தம், கேமராவை அணைத்துவிடுகிறேன்.